ஏழு சொற்கள், பதினோரு வருடங்கள்

அன்புள்ள ஐயா,

போன மாதக் கட்டுரையில், லண்டன் வங்கியாளர் லயனல் டி ரோத்ஸ்சைல்டு ஐந்து முறை தேர்தலில் ஜெயித்தும் பதினோரு வருடம் நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை, அவர் யூதர் என்பதுதான் காரணம் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதோடு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் வைத்திருக்கும் கைடில் 'பிரிட்டனின் முதல் யூதப் பிரதமர் டிஸ்ரேலி, 1868' என்று இருக்கிறது. யூதர் பிரதமராகவே ஆகலாம் என்றால் இன்னொரு யூதர் சாதாரண உறுப்பினராக ஏன் ஆக முடியவில்லை என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏதோ உறுதிமொழிப் பிரச்சினை என்று தேடியதில் தெரிந்தது. நாலைந்து வார்த்தைதானே, முணுமுணுத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கலாமே? இன்னொன்றும் தோன்றுகிறது. ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் தனக்கு ஒரு நாற்காலி கேட்டதை உரிமைப் போராட்டம் என்று சொல்லலாமா? தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்கள் வாசகன்,
கோவில்பட்டி

*

அன்புள்ள நண்பருக்கு,

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு ஓடியது என் தப்பு. உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. 'யூதர் என்பதுதான் காரணம்' என்று நான் எழுதியதே முழுக்கச் சரியில்லை என்று அதைப் படித்த பிறகு தோன்றியது.

யூதர் நாடாளுமன்ற உறுப்பினராகக் கூடாது என்று பிரிட்டனில் அப்போதும் சட்டம் எதுவும் இல்லை. தேர்தலில் நிற்கலாம், ஜெயிக்கலாம். ஜெயித்தவர் சபைக்குள் வந்து, உட்காருவதற்கு முன் மூன்று உறுதிமொழிகள் எடுக்க வேண்டும். மூன்றாவதன் கடைசியில் 'ஒரு கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின் பேரில்' என்று முடியும். ஆங்கிலத்தில் ஏழு சொல். சிக்கல் அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழு சொற்களை எழுதியவர்கள் மனதில் யூதர்களே கிடையாது. 1605-இல் கத்தோலிக்கர் சிலர் வெடிமருந்து வைத்து நாடாளுமன்றத்தையே தகர்க்கப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு, கத்தோலிக்கர்கள் வாயால் ஒன்று சொல்லி மனதில் வேறொன்று வைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில், அவர்களைக் கட்டிப்போட முதலாம் ஜேம்ஸ் காலத்தில் ஓர் உறுதிமொழி வந்தது. இந்தச் சொற்கள் அதில் உள்ளவை. அப்போது இங்கிலாந்தில் தன்னை யூதர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள ஆளே இல்லை. 1290-இல் விரட்டப்பட்டவர்கள் திரும்பி வர ஆரம்பித்தது 1656 வாக்கில்தான்.

பிறகு பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், நாட்டை விட்டு ஓடிப்போன ஸ்டூவர்ட் மன்னர் வம்சத்துக்கு ஆதரவு தரமாட்டேன் என்று ஒரு புதிய உறுதிமொழியை எழுதினார்கள். அதன் வாலில் பழைய சொற்களையே ஒட்டவைத்தார்கள். அந்த வம்சத்தின் கடைசி வாரிசு 1807-இல் இறந்துபோனார். அதற்கு நாற்பது வருடம் கழித்தும் பிரிட்டிஷ் உறுப்பினர்கள் வரிசையில் வந்து, இல்லாத ஓர் ஆளை அரசனாக ஏற்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். அரசாங்க நடைமுறையின் ஆயுசு அப்படி.

யாருக்காக அந்தப் பொறி வைக்கப்பட்டதோ அந்தக் கத்தோலிக்கர்களுக்கு 1829-இல் வேறு உறுதிமொழி தந்து கதவைத் திறந்துவிட்டார்கள். சத்தியம் செய்வதே பாவம் என்று நினைக்கும் குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜோசப் பீஸ் 1833-இல் வெறும் உறுதி கூறி உட்கார்ந்துவிட்டார். மிச்சம் நின்றது, பொறி வைத்தவர்கள் நினைத்தே பார்க்காத யூதர்கள்.

டிஸ்ரேலிக்கு வருவோம். அவர் அப்பா ஐசக், லண்டன் பெவிஸ் மார்க்ஸ் யூத ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர். ஆலயத்தில் ஒரு நிர்வாகப் பொறுப்பை ஏற்கச் சொன்னார்கள், இவர் மாட்டேன் என்றார். நாற்பது பவுண்டு அபராதம் போட்டார்கள். தகராறு முற்றி கடைசியில் விலகியே போய்விட்டார். 1817-இல் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. பெஞ்சமினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆகவே 1837-இல் அவர் சபைக்குள் வந்தபோது அந்த ஏழு சொற்கள் அவருக்கு ஒரு தடையே இல்லை. நம் பொருளாதாரப் பாடப் புத்தகங்களில் வரும் டேவிட் ரிக்கார்டோ கதையும் கிட்டத்தட்ட இதுதான். யூதராகப் பிறந்து, வளர்ந்தபின் கிறிஸ்தவத்தின் யூனிடேரியன் பிரிவுக்குப் போய், 1819-இல் உறுப்பினரானவர். பிறப்பைச் சட்டம் கேட்கவில்லை, வாயால் சொல்வதைத்தான் கேட்டது. இதனால்தான் என் வரி சரியில்லை என்றேன். யூதராகப் பிறந்தது தடையில்லை. யூதராகவே இருந்துகொண்டு உள்ளே வருவதுதான் தடை.

அதனால் 'முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கலாமே' என்ற கேள்விக்குப் பதில்: முணுமுணுத்திருக்கலாம். முணுமுணுத்தவர்கள் உள்ளே இருந்தார்கள். ரோத்ஸ்சைல்டு மாட்டேன் என்றார்.

1847-இல் லண்டன் சிட்டி தொகுதியில் ஜெயித்தார். அப்போது பிரதமராக இருந்த ஜான் ரஸ்ஸலுக்கும் அதே தொகுதிதான். ரஸ்ஸல் உடனே இந்தத் தடையை நீக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். ஞானஸ்நானம் பெற்ற டிஸ்ரேலி தன் கன்சர்வேட்டிவ் கட்சியை எதிர்த்து அதை ஆதரித்துப் பேசினார். அவர் கட்சித் தலைவர் ஜார்ஜ் பெண்டிங்கும் ஆதரித்தார். அதனால் பெண்டிங்குக்கு, தேர்தலில் ஜெயித்தவர்கள் உட்காரும் காமன்ஸ் சபையில் கட்சித் தலைமையே போயிற்று. காமன்ஸ் நிறைவேற்றியதை, தேர்தல் இல்லாமல் பிரபுக்களும் பிஷப்புகளும் உட்காரும் மேல்சபையான பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. இந்தக் காட்சி அடுத்த பத்து வருடம் திரும்பத் திரும்ப நடந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லி உங்களைச் சோதிக்கமாட்டேன்.

1849-இல் ராஜினாமா செய்து, இடைத்தேர்தலில் நின்று, முன்பைவிட நன்றாக ஜெயித்தார். 1850 ஜூலையில் சபைக்கே வந்துவிட்டார். ஹீப்ரு வேதத்தின் மேல் கைவைத்துத்தான் சத்தியம் செய்வேன் என்றார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். முதல் இரண்டு உறுதிமொழியும் ஆயிற்று. மூன்றாவதில் அந்த ஏழு சொல் வந்ததும், இவை என் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தாது, ஆகவே விட்டுவிடுகிறேன் என்றார். வெளியே போகச் சொன்னார்கள். போய்விட்டார்.

எனக்கு இவரைவிட, இதே சிக்கலில் மாட்டிய இன்னொரு யூதர் டேவிட் சாலமன்ஸைத்தான் பிடிக்கும். 1851-இல் கிரீன்விச் இடைத்தேர்தலில் ஜெயித்தார். ஏழு சொற்களை விட்டுவிட்டு உறுதிமொழி எடுத்தார். முதல் நாள் போகச் சொன்னதும் போனார். அடுத்த தடவை வந்து உறுப்பினர் பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். சபையில் ஒரே கூச்சல். சபாநாயகர் எழுந்து போகச் சொன்னார், அசையவில்லை. இவரை என்ன செய்வது என்று சபை வாக்கெடுப்பு நடத்தியது. அந்த வாக்கெடுப்பில் இவரும் ஓட்டுப் போட்டார்! அப்படி மூன்று முறை. நடுவில் எழுந்து ஒரு பேச்சும் பேசினார். கடைசியில் சபைக் காவலர் வந்து தோளைத் தொட்டதும், பலவந்தத்துக்குப் பணிகிறேன் என்று சொல்லி எழுந்து போனார். பிறகு வழக்கு, 500 பவுண்டு அபராதம். நான்கு வருடத்தில் இதே மனிதர் லண்டன் நகரின் மேயரானார்.

பிரபுக்கள் சபையின் வாதம், சுருக்கமாக, இது கிறிஸ்தவ நாடு, கிறிஸ்தவ நாடாளுமன்றம் என்பதுதான். பிஷப்புகள் பலரும் அதற்கே ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்தரப்பில் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் உண்டு. நம்மூரில் மெக்காலே என்றாலே குமாஸ்தாக் கல்வி என்று திட்டு விழும். அவர் 1830-இல் காமன்ஸ் சபையில் பேசிய முதல் பேச்சே யூதர்களுக்கு உரிமை தரும் ஒரு மசோதாவுக்கு ஆதரவாகத்தான். அந்த மசோதாவைக் கொண்டுவந்த ராபர்ட் கிராண்ட் வங்காளத்தில் பிறந்தவர், பின்னால் பம்பாய் கவர்னராக இருந்தவர்.

சரி, முடிச்சு எப்படி அவிழ்ந்தது? 1858 மே மாதம் பிரபுக்கள் சபை மறுபடியும் மறுத்தது. அவர்களோடு ஏன் உடன்படவில்லை என்று காரணங்களை எழுதித்தர காமன்ஸ் ஒரு குழு போட்டது. அந்தக் குழுவில் ரோத்ஸ்சைல்டையே உறுப்பினராகச் சேர்த்தது. உறுதிமொழி எடுக்காதவர் சபையில் உட்காரத்தான் கூடாது, குழுவில் இருக்கலாம் என்பதற்கு 1715-இல் ஒரு முன்னுதாரணத்தைத் தோண்டி எடுத்திருந்தார்கள். உள்ளே வரக்கூடாதவர், தான் ஏன் உள்ளே வரலாம் என்பதற்குச் சபையின் சார்பில் காரணம் எழுதும் குழுவில் இருக்கிறார். இதைக் கற்பனையாக எழுதினால் நம்பமாட்டார்கள்.

இதற்குமேல் விட்டால் காமன்ஸ் தன்னிச்சையாகவே அவரை உட்காரவைத்துவிடும் என்ற நிலை வந்தது. அப்போது பிரபு லூக்கன் ஒரு யோசனை சொன்னார். கிரிமியப் போரில் குதிரைப்படைத் தளபதியாக இருந்து பெயரைக் கெடுத்துக்கொண்ட அதே லூக்கன். யூதர் ஒருவர் வந்தால் அந்த ஏழு சொற்களை விட்டுவிடலாமா என்பதை ஒவ்வொரு சபையும் தனித்தனியே தீர்மானம் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். கொள்கை என்று பார்த்தால் ஒன்றும் இல்லாத யோசனை. அதுதான் நிறைவேறியது. பிரபுக்கள் ஒரு கையால் இந்த மசோதாவை அனுப்பினார்கள், மறு கையால் யூதர்களை ஏன் அனுமதிக்கக்கூடாது என்ற காரணங்களையும் அனுப்பினார்கள். அவர்களே வழிசெய்து கொடுத்துவிட்டதால் காரணங்களை ஆராயத் தேவையில்லை என்று காமன்ஸ் தீர்மானம் போட்டது. இதைவிட மரியாதையாக ஒரு காகிதத்தைக் குப்பையில் போட முடியாது.

1858 ஜூலை 26. ரோத்ஸ்சைல்டு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஹீப்ரு வேதத்தின் மேல் சத்தியம் செய்து, யெகோவாவின் பெயரைச் சொல்லி முடித்தார். தன் இடத்துக்குப் போகிற வழியில் டிஸ்ரேலியோடு கைகுலுக்கினார். டிஸ்ரேலி அப்போது நிதியமைச்சர், காமன்ஸ் சபையில் ஆளுங்கட்சியின் தலைவர்.

இனி, பணக்காரரின் நாற்காலி என்ற உங்கள் சந்தேகம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. யூத சமூகத்துக்குள்ளேயே அந்தச் சந்தேகம் இருந்தது. 1760 முதல் அந்தச் சமூகத்துக்காக அரசாங்கத்திடம் பேசிவந்த பிரதிநிதிகள் வாரியம் என்று ஓர் அமைப்பு உண்டு. அதன் நெடுநாள் தலைவர் மோசஸ் மான்டிஃபியோர் இந்த விஷயத்தில் நிதானமாகத்தான் நடந்தார். ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட் போன்றவர்கள் பொறுமை இழந்து, வாரியத்துக்கு வெளியே தாங்களே முயன்றார்கள். நாட்டில் இருந்த சுமார் 35,000 யூதர்களில் பெரும்பாலானவர்கள் பழைய துணி, சில்லறைச் சாமான் விற்றுப் பிழைத்தவர்கள். ரோத்ஸ்சைல்டு உள்ளே போனதால் அவர்கள் வீட்டு அடுப்பு கூடுதலாக எரியவில்லை.

ஆனால் பணம் இருந்தும் திறக்காத கதவு, பணம் இல்லாதவனுக்குத் திறக்கவே திறக்காது. அதோடு, ஓட்டுப் போட்டவர்களை மறந்துவிடுகிறோம். லண்டன் சிட்டி வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அவர்கள் அந்த மனிதருக்கே திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள். பதினோரு வருடம் ஒரு தொகுதி தன் நான்கு இடங்களில் ஒன்றைக் காலியாக வைத்திருந்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

இத்தனை பாடுபட்டு உள்ளே போனவர் என்ன பேசினார் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். ஒன்றும் பேசவில்லை. இடையில் ஒரு தோல்வி போக, ஏறத்தாழ பதினைந்து வருடம் உறுப்பினராக இருந்தும் சபையில் ஒரு முறைகூட உரையாற்றவில்லை. 1875-இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்கப் பிரதமர் டிஸ்ரேலிக்கு அவசரமாக நாற்பது லட்சம் பவுண்டு தேவைப்பட்டபோது கொடுத்தது இவர்தான். அப்போது இவர் உறுப்பினராக இல்லை. அதற்கு முந்தின வருடம்தான் தோற்றிருந்தார்.

பிரபுக்கள் சபைக் கதவு இன்னும் மெதுவாகத் திறந்தது. 1869-இல் இவருக்குப் பிரபு பட்டம் தரலாம் என்று பிரதமர் கிளாட்ஸ்டன் கேட்டதற்கு விக்டோரியா ராணி மறுத்துவிட்டார். மகன் நேதன்தான் 1885-இல் அந்தச் சபைக்குள் போனார். அதற்குள் காமன்ஸில் அடுத்த ஆள் வாசலில் நின்றார். சார்லஸ் பிராட்லா, நாத்திகர். 1880-இல் ஜெயித்து, ஆறு வருடம் போராடித்தான் அவரால் உட்கார முடிந்தது. யார் வேண்டுமானாலும் கடவுளை இழுக்காமல் உறுதி கூறலாம் என்று 1888-இல் வந்த சட்டம் அவர் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பம்பாய் காங்கிரஸுக்கும் வந்துபோனார்.

எங்கள் வீட்டில் பதவியேற்பு விழா டிவியில் ஓடும்போது அப்பா நோட்டும் பேனாவுமாக உட்காருவார். யார் 'கடவுள் பெயரால்' என்றார்கள், யார் 'உளமார' என்றார்கள் என்று கணக்கெடுப்பார். எந்தக் கட்சியில் எத்தனை என்று சாப்பிடும்போது சொல்வார். எது சொன்னாலும் நாற்காலி கிடைக்கும் என்பதால் அது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

மகளிடம் சொல்லுங்கள்: டிஸ்ரேலி யூதராகப் பிறந்து, சிறுவயதிலேயே ஆங்கிலிகன் கிறிஸ்தவரானவர். யூத மதத்திலேயே இருந்துகொண்டு காமன்ஸ் சபையில் முறைப்படி இடம் பெற்ற முதல் ஆள் ரோத்ஸ்சைல்டு. இது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் கைடில் இருப்பதையே எழுதச் சொல்லுங்கள். மார்க் அதற்குத்தான் போடுவார்கள்.

அன்புடன்.