இடம் கிடைத்த பிறகும் காத்திருக்கும் விண்ணப்பங்கள்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகளுக்கு டிசம்பர் நடுவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஏர்லி டிசிஷனில், அதாவது கிடைத்தால் அங்கேயே சேர்கிறேன் என்று உறுதி கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையில், இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகைக் கடிதமும் வந்தது, செலவைச் சமாளித்துவிடலாம். மற்ற ஏழு விண்ணப்பங்களை உடனே திரும்பப் பெற வேண்டும் என்கிறாள். நான்தான் மார்ச் வரை பொறு என்றேன். கார்னெலிலும் பெர்க்லியிலும் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? கட்டணம் கட்டியாயிற்று, இதற்காக யாரும் கோர்ட்டுக்கும் போகப்போவதில்லை. இரண்டு வாரமாக அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ந.

அன்புள்ள ந. அவர்களுக்கு,

முதலில் மகளுக்கு என் வாழ்த்து. அடுத்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அவள் சொல்வதுதான் சரி.

நவம்பர் முதல் தேதிக்குள் ஏர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்: அவள், பெற்றோர் என்ற முறையில் நீங்கள் அல்லது உங்கள் மனைவி, அப்புறம் கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர். அதை இப்போது எடுத்துப் படித்துப் பாருங்கள். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை உடனே திரும்பப் பெற வேண்டும், எந்த நாட்டிலும் வேறு பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்கக் கூடாது என்று இருக்கும். அந்த ஏழில் கனடாவில் ஒன்று இருந்தால் அதற்கும் இதே பதில்தான். அவள் பெயரையும் அந்த ஒப்பந்தத்தையும் மற்றக் கல்லூரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றும் அதில் ஒரு வரி உண்டு. கோர்ட், கேஸ் என்று யாரும் வரமாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இரண்டு கல்லூரிக்கும் விஷயம் தெரிந்து இருந்த இடமும் போனால் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலையில் நீங்கள்தான் இருப்பீர்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காகச் சொல்கிறேன். எவ்வளவு உதவி என்ற கடிதம் வரும்வரை மற்ற விண்ணப்பங்களை வைத்திருக்கலாம். அந்தத் தொகை உண்மையிலேயே போதாது என்றால் கல்லூரியிடம் பேசி விலகவும் வழி இருக்கிறது. ஏர்லி ஆக்‌ஷன் என்பது வேறு, அதிலும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், ஆனால் சேர வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது, மே 1 வரை யோசிக்கலாம். உங்கள் வீட்டில் கடிதம் வந்துவிட்டது, பணமும் கட்டிவிடலாம் என்கிறீர்கள். அதனால் இந்த இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது.

என்னை அதிகம் உறுத்துவது கவுன்சிலரின் கையெழுத்து. அவர் அந்தப் பள்ளியில் அடுத்த வருடமும் இருப்பார், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பள்ளியிலிருந்து வரும் விண்ணப்பங்களைக் கல்லூரியில் பெரும்பாலும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒரே அதிகாரிதான் படிக்கிறார், பள்ளியின் பெயர் அவருக்கு நினைவிருக்கும். உங்கள் மகளின் வகுப்பிலேயே கார்னெலைத் தவிர வேறு எதையும் நினைக்காத ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் படிக்கப்படும் அதே மேஜையில், அங்கே சேரவே போகாத உங்கள் மகளின் விண்ணப்பமும் எதற்குக் கிடக்க வேண்டும்? என் அக்கா மகள் டல்லாஸ் பக்கம் ஒரு பள்ளியில் படித்தபோது காத்திருப்போர் பட்டியலில் ஜூன் வரை இருந்தாள். அந்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. அவளுக்கு இடம் கிடைக்காததற்கு இன்னொருவர்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவள் முகம்தான் ஞாபகம் வந்தது.

கார்னெல் கிடைத்திருக்குமா என்று தெரிந்துகொள்ளும் ஆசை உங்களுடையது, அவளுடையது இல்லை. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. பிள்ளை எவ்வளவு உயரம் போகக்கூடியவள் என்பதை யாராவது எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று எந்த அப்பாவுக்குத்தான் தோன்றாது. ஆனால் கிடைத்தது என்று மார்ச் கடைசியில் கடிதம் வந்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? நார்த்வெஸ்டர்னுக்குக் கிளம்பும் பெண்ணிடம் அதைக் காட்டுவீர்களா? கிடைக்கவில்லை என்றால், இப்போது சந்தோஷமாக இருப்பவளுக்கு வீணாக ஒரு ஏமாற்றம்.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். நார்த்வெஸ்டர்னில் சேர்வதை உறுதிசெய்து, கேட்ட முன்பணம் இருந்தால் கட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லூரியின் போர்ட்டலிலும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அட்மிஷன் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் போய்த் தேடாதீர்கள், அனுப்பிய விண்ணப்பத்தை அங்கிருந்து திரும்பப் பெற முடியாது. பெர்க்லிக்குக் கலிஃபோர்னியாவின் தனி விண்ணப்பம் என்பதால் அதை மறந்துவிட வாய்ப்பு அதிகம். கவுன்சிலருக்கும் சொல்லிவிடுங்கள், அரையாண்டு மதிப்பெண்களை அவர் ஒரே இடத்துக்கு அனுப்பினால் போதும். அந்த மதிப்பெண்கள் சரியக் கூடாது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள், கடைசி மதிப்பெண் பட்டியல் வரை கல்லூரி பார்க்கும்.

மின்னஞ்சல்களை அவளே எழுதட்டும். இன்று ராத்திரியே அவள் அறைக்குப் போய், நீ சொன்னதுதான் சரி என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.