ஆசிரியர் ஊக்கத்தொகை: கேள்வி பதில்

கணக்கு வாத்தி: தேர்ச்சி விகிதம் 90 தாண்டினால் ஆசிரியருக்குத் தொகை என்று ஒரு திட்டம் எழுதுகிறோம். சரியாக வருமா?

வராது. தேர்ச்சிக் கோடு 35 என்றால், 30க்கும் 34க்கும் நடுவில் நிற்கிற ஐந்தாறு பேருக்குத்தான் மாலை வகுப்பு முழுக்கப் போகும். 12 எடுக்கிறவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 80 எடுக்கிறவளுக்கும் அதே கதிதான். இன்னும் முற்றினால், தேறாத பிள்ளையிடம் "பரீட்சைக்கு வராதே" என்பார்கள்.

கோடு போடாதீர்கள், உயர்வை அளங்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திர அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வின் சூத்திரம் எளிது: சராசரி உயர்வில் முதல் 5 புள்ளியைத் தள்ளிவிட்டு, மிச்சம் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். தொடக்கத்தில் 42, முடிவில் 51 என்றால் உயர்வு 9. அதில் 5 போக 4, ஆக 2,000 ரூபாய். எந்தப் பிள்ளை ஒரு மார்க் கூடுதலாக எடுத்தாலும் தொகை ஏறும், யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை.

மூன்று காவல் அவசியம். சராசரிக்கு வகுக்கிற பிள்ளைகள் எண்ணிக்கை ஆண்டுத் தொடக்க வருகைப் பதிவேட்டுப்படி இருக்க வேண்டும், முடிவுத் தேர்வுக்கு வராதவருக்கு வகுப்பின் மிகக் குறைந்த உயர்வைப் போடுங்கள். தொடக்கத் தேர்வையும் வெளியாரே நடத்தட்டும். இல்லாவிட்டால் அதில் வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்துப் போடுவார்கள். 20 பேருக்குக் குறைந்த வகுப்பென்றால் இரண்டு ஆண்டு சராசரி எடுங்கள். 12 பேரில் இருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கணக்கு தலைகீழ்.

மேகலா: அரியர் பணம் எட்டு மாதமாக வரவில்லை, யாரிடம் கேட்பது?

அது சம்பளக் கணக்குப் பிரிவு வேலை மேடம், இங்கே விடை கிடைக்காது.

சந்தேகி: நியூயார்க்கில் 2007 முதல் இதைத்தானே செய்தார்கள்? மார்க் ஏறவில்லை, மூட்டை கட்டினார்கள். ஆந்திராவை மட்டும் காட்டுவது நியாயமா?

நியூயார்க்கில் செய்தது இது இல்லை. அங்கே பள்ளி மொத்தமாக இலக்கைத் தொட்டால் ஆளுக்கு 3,000 டாலர் வீதம் பள்ளிக்கு வரும், பள்ளிக் குழு பிரித்துக் கொடுக்கும். பெரும்பாலும் சமமாகவே பிரித்தார்கள். எழுபது ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் கூடுதலாக உழைத்து அவர் தொகையில் என்ன மாறும்? அங்கேயும் கோடுதான், கவனித்தீர்களா?

சந்தேகி: அப்படியானால் ஆந்திராவிலும் குழுத் தொகை தோற்றிருக்க வேண்டுமே! முதல் ஆண்டில் ஒவ்வொரு ஆசிரியருக்குமான தனித்தொகையும் பள்ளி மொத்தத்துக்குமான குழுத்தொகையும் ஒரே அளவுதான் பலன் தந்தன.

நல்ல பிடி. ஆனால் அவை மூன்று நான்கு ஆசிரியர் உள்ள பள்ளிகள். அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஓசிச் சவாரி கடினம். இரண்டாம் ஆண்டு முடிவில் தனித்தொகைப் பள்ளிகள் முந்திவிட்டன. அங்கே ஆசிரியர்கள் லீவு எடுப்பது குறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வந்த நாளில் கூடுதல் வகுப்பும் பயிற்சித் தேர்வும் நடந்தன, பலன் அதிலிருந்துதான்.

சந்தேகி: அப்போது பெரிய பள்ளிக்குக் குழுத்தொகை வேண்டாம் என்கிறீர்கள்?

பாடவாரியாக நான்கைந்து பேர் குழுவாகப் பிரித்தால் கொடுக்கலாம். பள்ளி மொத்தத்துக்கும் வேண்டாம்.

புதியவன்: 100 சதவீதத் தேர்ச்சிக்கு மட்டும் பரிசு வைத்தால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ராஜி: எட்டாத ஊர்ப் பள்ளிகளுக்கு யாரும் போக மாட்டேன் என்கிறார்கள். பணம் உதவுமா?

இங்கேதான் பணம் ஒழுங்காக வேலை செய்யும். அமெரிக்காவில் ஒரு சோதனையில், சிறந்த ஆசிரியர் மார்க் குறைந்த பள்ளிக்கு மாறி இரண்டு ஆண்டு இருந்தால் 20,000 டாலர் என்றார்கள். பெரும்பாலான காலியிடங்கள் நிரம்பின, தொடக்கப் பள்ளிகளில் மார்க்கும் ஏறியது. தொகையைத் தவணையாகப் பிரியுங்கள், கடைசித் தவணை பெரிதாக இருக்கட்டும். தகுதியை ஆண்டுதோறும் மாற்றாதீர்கள், நம்பி யாரும் வர மாட்டார்கள்.

வேலன்: எல்லோருக்கும் சம்பளத்தையே இரட்டிப்பாக்கினால்?

இந்தோனேசியா சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அப்படிச் செய்தது. மனநிறைவு கூடியது, பகுதிநேர வேலை குறைந்தது, பிள்ளைகள் மார்க் அசையவில்லை.

அறிவு: தேர்ச்சி 80, 90, 100 என்று மூன்று படியாக வைத்தால்?

ஒரு கோட்டுக்குப் பதில் மூன்று கோடு.

தேன்மொழி: தொகையை எப்போது கொடுப்பது?

அமெரிக்காவில் சிகாகோ ஹைட்ஸ் என்ற ஊரில் நடந்த சோதனையில் ஆசிரியர்களில் ஒரு பிரிவுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே 4,000 டாலர் கொடுத்து, மார்க் ஏறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். கணக்குப் பாடத்தில் பலன் தெரிந்தது. ஆண்டு முடிவில் வாங்கியவர்களிடம் அப்படித் தெரியவில்லை. செய்வதானால் பணம் கைமாறும் முன்பே திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.