எந்த இடம் பிடிச்சுது, அதைச் சொல்லுங்க

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பாட்டு, படம் பத்தி மனசுல பட்டதைச் சொல்லப் போய் சங்கடப்பட்டு நிக்கிறவங்க எழுதினது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சுட்டேன்.

மதுரை வாசகர் ஒருவர்: அண்ணா, காலேஜ்ல ஒண்ணா படிச்ச பதினெட்டு பேர் பாட்டு பேசறதுக்குன்னே ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன மாசம் ராஜாவா ரஹ்மானான்னு ஆரம்பிச்சு ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டு வெளியே போயிட்டாங்க. அதுல ஒருத்தன் என் பத்து வருஷ ஃப்ரெண்டு. என்ன பண்றது?

முதல்ல அவருக்கு போன் போடுங்க தம்பி. மெசேஜ் வேணாம், போன். குரல் கேட்டாலே பாதி கோவம் போயிடும்.

ரஹ்மான் 'ரோஜா' பண்ணினது 1992ல. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா பல இசையமைப்பாளர்கள்கிட்ட கீபோர்டு வாசிச்சவர் அவர், அதுல இளையராஜாவும் ஒருத்தர். ஒரே ரெக்கார்டிங்ல ஒருத்தர் எழுதிக் குடுத்த நோட்ஸை இன்னொருத்தர் வாசிச்சிருக்காங்க, அப்படிப்பட்ட ரெண்டு பேரை வச்சு நாம பத்து வருஷ சிநேகத்தை முறிச்சுக்கணுமா சொல்லுங்க. யார் பெரியவர்ங்கற பேச்சுல காதுக்கு வேலையே இல்ல, பாட்டே கேக்காம நாள் பூரா அதைப் பேசிட்டிருக்கலாம். அதான் அது முடியவும் மாட்டேங்குது. குரூப்ல ஒரு பழக்கம் கொண்டு வாங்க: பாட்டு போடறவங்க எத்தனாவது நிமிஷத்துல எது பிடிச்சுதுன்னும் சேர்த்துப் போடணும். மத்தவங்க அந்த இடத்தைக் கேட்டுட்டுதான் பேசணும். வெளியே போனவரைத் திரும்பக் கூப்பிடும்போது அவருக்குப் பிடிச்சவரோட பாட்டையே முதல் பாட்டா நீங்க போடுங்க.

கும்பகோணம் வாசகி ஒருவர்: எனக்கு வயசு 19. பாட்டுன்னா உயிர். ஆனா ஒரு பாட்டைப் பத்தி எழுதணும்னு உக்காந்தா 'செம', 'வேற லெவல்' இதைத் தாண்டி ஒண்ணும் வர மாட்டேங்குது. சங்கீதம் படிச்சாத்தான் வருமா?

படிக்க வேணாம்மா. உங்க கேள்வியைப் பார்த்ததும் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருந்த கேசட் கடைதான் ஞாபகம் வந்துச்சு. எண்பதுகள்ல பாட்டு வேணும்னா ஒரு பேப்பர்ல லிஸ்ட் எழுதிக் கொண்டு போய்க் குடுப்போம், அறுபது நிமிஷ கேசட்டுன்னா பன்னெண்டு பாட்டு, ஏ சைடு ஆறு பி சைடு ஆறு, ரெண்டு நாள் கழிச்சுப் போனா பதிஞ்சு வச்சிருப்பாரு, உள்ள இருக்கிற அட்டையில பாட்டு பேரெல்லாம் நீல மையில சாய்ச்சு சாய்ச்சு எழுதியிருப்பாரு. அந்தக் கடை அண்ணன் பள்ளிக்கூடமே சரியா போகாதவர். ஆனா நம்ம லிஸ்ட்டை வாங்கினதும் ஒவ்வொரு பாட்டா விரலை வச்சுக்கிட்டே வருவாரு, ஏதாவது ஒரு பாட்டுல நின்னு ஒரு வார்த்தை சொல்வாரு. ஒருநாளும் நல்ல பாட்டு, சூப்பர் பாட்டுன்னு சொன்னதே கிடையாது.

'பயணங்கள் முடிவதில்லை' 1982ல வந்த படம், 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டை நான் லிஸ்ட்ல எழுதியிருந்தேன். அவர் விரல் அங்க வந்து நின்னுச்சு. "தம்பி, எஸ்.பி.பி. பாட ஆரம்பிச்சதும் கிடாரை மறந்துடுவ. மறக்காத. அந்தாளு கூடவே வர்றாரு பாரு"ன்னாரு. அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் டேப் ரெக்கார்டர்ல காதை ஒட்ட வச்சுக் கேட்டேன். ஆரம்பத்துல தனியா வர்ற கிடாரை எல்லாரும் கேட்டிருப்போம், குரல் வந்தப்புறமும் அது அடியில விடாம ஓடிக்கிட்டு இருக்குங்கறது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. வாசிச்சவர் பேர் ஆர்.சந்திரசேகர்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு காதையே குடுத்துச்சு, இன்னிக்கு வரைக்கும் அந்த அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கேன்.

நீங்களும் அதையே செய்யுங்க. ஒரு பாட்டை நாலு தடவை கேளுங்க, ஒரு தடவை குரலை மட்டும், ஒரு தடவை தபேலாவை மட்டும், இப்படி. எங்கயாவது ஒரு இடத்துல கை வேலையை நிறுத்திடும் பாருங்க, அந்த இடத்தை அப்படியே எழுதுங்க. "ரெண்டாவது சரணத்துல அவர் மூச்சு எடுக்கிற சத்தம் கேக்குது, அங்க எனக்கு அழுகை வந்துடுச்சு"ன்னு எழுதினா போதும். ராகம் பேர் தெரியலேன்னா எழுத வேணாம். 'செம'ன்னும் எழுதலாம், ஒண்ணும் தப்பில்ல, எது செமன்னு மட்டும் சேர்த்துடுங்க.

திருப்பூர் வாசகர் ஒருவர்: படம் பார்க்காமலே ட்ரெய்லரையும் மத்தவங்க சொல்றதையும் வச்சு கருத்து சொல்லலாமா?

கூடாதுங்க. ட்ரெய்லரைப் பத்தி மட்டும் சொல்லிக்கலாம்.

சேலம் வாசகர் ஒருவர்: 'சுப்ரமணியபுரம்' படத்து 'கண்கள் இரண்டால்' பாட்டு, பழைய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டோட காப்பின்னு எழுதினேன். ஒருத்தர் "அது காப்பி இல்ல, ராகம் ஒண்ணு"ன்னு சொல்லி என்னை ரொம்பக் கேவலமா பேசிட்டாரு. நான் சொன்னது தப்பா?

உங்க காது தப்பில்ல, வார்த்தைதான் தப்பு. கேவலமா பேசினவர் செஞ்சது அதைவிடப் பெரிய தப்பு, உங்க காது எவ்வளவு நல்ல காதுன்னு அவர் சொல்லியிருக்கணும்.

ரெண்டு பாட்டும் ரீதிகௌளை ராகம். 'சின்னக் கண்ணன்' 1977ல 'கவிக்குயில்' படத்துக்கு இளையராஜா இசையில பாலமுரளிகிருஷ்ணா பாடினது. 'கண்கள் இரண்டால்' 2008ல ஜேம்ஸ் வசந்தன் இசையமைச்சது. நடுவுல 1999ல 'முதல்வன்' படத்துல ரஹ்மானோட 'அழகான ராட்சசியே' வந்துச்சே, அதுவும் ரீதிகௌளைதான். இந்த ராகத்துக்கு ஒரு குணம் இருக்கு, ஏறும்போது படிக்கட்டு மாதிரி நேரா ஏறாது, ரெண்டு படி ஏறி ஒண்ணு இறங்கி மறுபடி ஏறும், வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். அந்த வளைவு இல்லாம பாடினா அது ரீதிகௌளையே இல்ல. அதனால யார் மெட்டு போட்டாலும் அந்த வளைவு வந்தே தீரும், நம்ம காதும் உடனே 'அட, இது அந்தப் பாட்டுல்ல'ன்னு கண்டுபிடிச்சிடும். மார்கழி மாசம் ஒரே தெருவுல பத்து வீட்டு வாசல்லயும் அதே ஊடுபுள்ளிதான் வைப்பாங்க, புள்ளி ஒண்ணுங்கறதுக்காக பக்கத்து வீட்டுக் கோலத்தைத் திருடிட்டாங்கன்னு யாரும் சொல்றதில்ல, கோடு எப்படி இழுத்திருக்குன்னுதான் பார்ப்போம். இந்த மூணு பாட்டுலயும் கோடு வேற வேற. ஒண்ணு கண்ணனைப் பத்தின பாட்டு, நடந்து வர்ற மாதிரி நிதானம். இன்னொண்ணுல ரஹ்மான் தாளத்தைத் துள்ள விட்டிருக்காரு. 'கண்கள் இரண்டால்' வார்த்தை இல்லாம பார்வையிலயே பேசிக்கிற ரெண்டு பேருக்கான பாட்டு.

காப்பிங்கறது ஒருத்தரைத் திருடன்னு சொல்ற வார்த்தைங்க. மெட்டை அப்படியே எடுத்த பாட்டு தமிழ்ல இல்லாம இல்ல, அங்க தாராளமா சொல்லுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டிச் சொல்லுங்க. மத்த இடத்துல "இதைக் கேட்டா எனக்கு அது ஞாபகம் வருது, ஏன்?"னு கேள்வியா போடுங்க. யாராவது ராகம் சொல்வாங்க, இன்னொருத்தர் நாலாவதா ஒரு பாட்டு கொண்டு வருவாரு, நாள் முழுக்க கேக்கறதுக்கு ஆகிடும்.

வேலூர் வாசகர் ஒருவர்: படம் வந்து மூணு நாளைக்கு யாரும் விமர்சனம் போடக் கூடாதுன்னு தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்களே, அது நியாயமா?

2024 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை குடுக்க மறுத்திடுச்சு, விமர்சனம் கருத்துச் சுதந்திரம்னு சொல்லி. எனக்கும் அதுதான் சரின்னு படுது. காசு குடுத்துப் பார்த்தவர் வாயை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. ஆனா தயாரிப்பாளர்களோட வலியும் நிஜம், இடைவேளைக்கு முன்னாடியே "படம் அவுட்"னு போடறவங்களை நானே பக்கத்து சீட்ல பார்த்திருக்கேன், மனசு கஷ்டமாயிடுச்சு. படம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு எழுதினா என்னங்க.

திருச்சி வாசகி ஒருவர்: எனக்கு உயிரா இருக்கிற படத்தை ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் மொக்கைங்கறாங்க. பிடிக்கும்னு சொல்லவே கூச்சமா இருக்கு.

சொல்லுங்க, தைரியமா சொல்லுங்க. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தப்ப ஓடல. 2010ல 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தப்பவும் பாதி பேர் புரியலேன்னாங்க. இன்னிக்கு அந்த ரெண்டு படத்தையும் கொண்டாடாத ஆள் கம்மி. அன்னிக்கே பிடிச்சவங்க ஊர் ஊருக்கு இருந்தாங்க, டிவியில வர்றப்பல்லாம் பக்கத்துல இருக்கறவங்களை உக்கார வச்சு "இந்த சீன் மட்டும் பாரு"ன்னு காட்டினாங்க, அப்படித்தான் பரவுச்சு. நீங்களும் அவங்களை முழுப் படம் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க, உங்களுக்குப் பிடிச்ச ஒரே ஒரு சீனைக் காட்டுங்க. அப்பவும் பிடிக்கலேன்னா விட்டுடுங்க, உங்க படம் உங்ககிட்டயே இருக்கட்டும்.

நாகர்கோவில் வாசகர் ஒருவர்: ச ரி க ம கூடத் தெரியாத நாங்க பெரிய வித்வான்கள், இசையமைப்பாளர்கள் பாட்டுல குறை சொல்லலாமா சார்?

1985ல வந்த 'சிந்து பைரவி' இருந்தா இன்னொரு தடவை பாருங்க. பெரிய பாடகர் கச்சேரி நடுவுல ஒரு பொண்ணு எழுந்து, ஏன் தமிழ்ல பாட மாட்டேங்கறீங்க, எங்களுக்குப் புரியணும்லன்னு கேக்குது. அந்தக் கேள்வியில மரியாதைக் குறைச்சல் எங்கயாவது இருக்கா பாருங்க, இல்ல. கேட்டதோட விடாம தானே பாடியும் காட்டுது, 'பாடறியேன் படிப்பறியேன்'னு நாட்டுப்புறப் பாட்டா ஆரம்பிச்சு தியாகராஜரோட 'மரி மரி நின்னே'வுல கொண்டு போய் சேர்க்குது. அந்தக் கீர்த்தனை வழக்கமா காம்போஜியில பாடறது, இளையராஜா சாரமதி ராகத்துக்கு மாத்தி வச்சாரு. பாடின சித்ராவுக்கு தேசிய விருது கிடைச்சுது.

நாட்டுப்புற மெட்டு கீர்த்தனையா மாறுற அந்த இடத்தை ஹெட்போன் போட்டு ரெண்டு மூணு தடவை கேளுங்க சார். அது உங்களுக்கு சரியா படுதா, இல்ல இழுத்து ஒட்டின மாதிரி இருக்கான்னு எனக்கு எழுதுங்க. எது தோணினாலும் எழுதுங்க, அடுத்த வாரம் அதையே முதல் கடிதமா போடறேன்.