புகழின் விலையை யார் கொடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணமும் வசதியும் வந்த பிறகு, "நிம்மதி போய்விட்டது" என்று பிரபலங்கள் புலம்புவதை என்னால் நம்ப முடியவில்லை. பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ள வேண்டியதுதானே?
– ஒரு வாசகர், பூம்பாறை, கொடைக்கானல்

பதில்: விலகிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், தம்பி. ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவின் கடைசிப் படம் 1941-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 36. 1990-இல், 84 வயதில், இறக்கும்வரை அவர் வேறு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆனாலும் நியூயார்க் தெருக்களில் அவர் காலார நடந்துபோவதைப் படம்பிடிக்கப் புகைப்படக்காரர்கள் முதுமையிலும் அவரைப் பின்தொடர்ந்தார்கள். பதவியை விட்டவர் மறுநாளே கடைத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம்; முகம் தெரிந்துபோனவருக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. எல்லோருடைய புலம்பலும் உண்மையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் பணம் இருக்கிறது என்பதற்காக ஒருவருடைய வலியைப் பொய்யென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அடுத்த கடிதம் இதே கேள்வியை ஒரு வீட்டுக்குள்ளிருந்து கேட்பதால், மீதமுள்ள இடம் முழுவதையும் அதற்கே தருகிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) ஒன்றரை ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. மகளுக்கு 12 வயது. பாட்டை முறையாகக் கற்றதில்லை. ஊர்த் திருவிழாவில் அவள் பாடியதை உறவுக்காரப் பையன் ஒருவன் மொபைலில் எடுத்துப் போட, லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். இப்போது ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குச் சென்னையிலிருந்து அழைக்கிறார்கள். அவளுடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஆனால் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் அவள் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அவளுடைய நிறத்தைப் பற்றிச் சிலர் வீடியோவின் கீழே எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புகழுக்காக இதையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவளுடைய அப்பாவும் தாத்தாவும் என்ன நினைக்கிறார்கள், நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. போட்டிக்குப் போக அவளுக்கு விருப்பமா என்ற ஒரு வரியைத்தான் காணவில்லை. குறை சொல்வதற்காக இதைச் சுட்டவில்லை. பிள்ளைகளின் புகழைப் பொறுத்தவரை பல வீடுகளில் ஆசைப்படுகிறவர் ஒருவராகவும் அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவராகவும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நம் நீலகிரி மாவட்டத்திலேயே நாம் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் குட்டி யானைகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணக் குறும்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. அதே ஆண்டில் பிரதமரும் குடியரசுத் தலைவரும் முகாமுக்கு வந்தார்கள். அந்தப் படத்தில் வந்த யானை ரகுவைக் காண வேண்டும் என்று சுற்றுலாப் பயணிகள் திரண்டார்கள். அந்தப் புகழால் நன்மை விளையவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாநிலத்தின் இரண்டு முகாம்களிலும் பணிபுரியும் 91 பேருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் தரப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். பாகன்களும் அவர்களுக்கு உதவியாளர்களான காவடிகளும் செய்யும் வேலை எத்தகையது என்பது மலைக்குக் கீழே உள்ளவர்களுக்கும் தெரியவந்தது. ஆனால் கேமரா வருவதற்கு முன்பே தாயை இழந்த குட்டிக்குப் பால் புகட்டி, இரவில் அதன் அருகில் கண்விழித்திருந்த உழைப்பு அங்கே இருந்தது. வள்ளுவரும் ஈகை அதிகாரத்தை முடித்துவிட்டு, அதற்கு அடுத்ததாகவே புகழ் அதிகாரத்தை வைத்திருக்கிறார். உங்கள் மகளைப் பல லட்சம் பேர் பார்த்தது அவள் குரலுக்குக் கிடைத்த பாராட்டுதான், அதில் நீங்கள் மகிழலாம். ஆனால் அதைப் புகழ் என்று சொல்ல நான் தயங்குகிறேன், அவள் பாட்டை இன்னும் முறையாகக் கற்கத் தொடங்கவே இல்லையே.

வயதும் இதில் முக்கியம். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த பீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவுக்கு 1971 பாகிஸ்தான் போரில் நாடறிந்த புகழ் கிடைத்தபோது அவருக்கு வயது 57. தம் குணம் என்ன, தமக்கு எது பிடிக்கும், எதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதெல்லாம் முடிவாகிவிட்ட வயது அது. ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியேறி, 2008-இல் அருகிலுள்ள வெல்லிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறக்கும்வரை நம் மலைவாசியாகவே இருந்தார். 12 வயதுக் குழந்தைக்கோ, தான் யார் என்பதையே இனிமேல்தான் கண்டுகொள்ள வேண்டும். அந்த வேலையை அந்நியர்களின் பின்னூட்டங்கள் எடுத்துக்கொள்ள விடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் ஆசிரியையாக இருந்தபோது என்னிடம் படித்த ஒரு பெண், இதே போன்ற போட்டியொன்றில் அரையிறுதிவரை போனாள். தோற்ற அன்று மேடையில் அவள் அழுததைத்தான் அந்த நிகழ்ச்சியினர் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டார், காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "அன்றைக்கு டிவியில் அழுத பெண் நீதானே?" என்று கேட்டார்களாம். அவள் நன்றாகப் பாடிய ஆறு பாட்டுகளில் ஒன்றுகூட அவர்கள் நினைவில் இல்லை. அதை என்னிடம் சொன்ன அன்று, நான்கு ஆண்டுகளாக வாய்விட்டுப் பாடுவதையே நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். அவளை மேடைக்கு அனுப்பச் சொல்லி அவள் பெற்றோரை வற்புறுத்தியவர்களில் நானும் ஒருத்தி என்பதால், உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போகத்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், சட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கான 2017-ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் 14 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்குப் பொருந்தும். அவற்றின்படி, நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இவற்றோடு, குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக அதை ஈடுபடுத்தக் கூடாது என்றும் விதி சொல்கிறது. அழைத்தவர்களிடம் இந்த நான்கையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். தட்டிக்கழித்தால், உங்கள் கணவருக்கு நீங்கள் வேறெதுவும் விளக்க வேண்டியிருக்காது.

போட்டி இருக்கட்டும், இந்த வாரமே செய்ய வேண்டியவை சில உண்டு. அந்த உறவுக்காரப் பையனிடம் சொல்லி வீடியோவின் கீழே யாரும் எழுத முடியாதபடி செய்யச் சொல்லுங்கள். அவள் வேண்டாமென்றால் வீடியோவையே எடுத்துவிடச் சொல்லுங்கள். பேருந்து நிலையத்தில் தோளில் கை போட வருகிறவரிடம், "தொடாதீர்கள்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். குழந்தை அதைக் காதால் கேட்க வேண்டும். நிறத்தைப் பற்றிய பேச்சை "விடு கண்ணு" என்று கடந்துவிடாமல், எழுதியவர்கள் செய்தது தவறு என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

பிறகு, அப்பாவும் தாத்தாவும் அருகில் இல்லாத ஒரு மாலையில், தோட்டத்துக்குப் போகும் வழியில் அவளிடம் கேளுங்கள். அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் இரண்டு வாரம் காத்திருங்கள், அழைத்தவர்களும் காத்திருக்கட்டும். மறுத்தால், அவளைச் சாக்குச் சொல்ல வைக்காமல் நீங்களே கடிதம் எழுதி அனுப்புங்கள். போகிறேன் என்றால், ஒப்பந்தத்தின் நகலை இந்த இதழின் முகவரிக்கு என் பெயருக்கு அனுப்புங்கள். வரிக்கு வரி உங்களோடு சேர்ந்து படிக்கிறேன்.