பிஎச்.டி. கைடைத் தேர்ந்தெடுக்க எச்-இன்டெக்ஸ் போதுமா?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, குடியாத்தம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேபர் வார்டில் வேலை செய்கிறேன். தாய்-சேய் நலத்தில் பிஎச்.டி. பண்ண ஆசை. வேலூரில் இரண்டு பேராசிரியர்களை மனதில் வைத்திருக்கிறேன். ஒருவரின் எச்-இன்டெக்ஸ் 31, இன்னொருவருக்கு 12. பெரிய நம்பர் உள்ளவரிடமே போ என்கிறார்கள் சீனியர்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த நம்பர் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு இது. ஒருவரின் கட்டுரைகளை, மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் (சைட்டேஷன்) என்ற வரிசையில் மேலிருந்து கீழே அடுக்க வேண்டும். ஒரு கட்டுரையின் சைட்டேஷன், வரிசையில் அதன் இடத்து எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் அது தேறும்; அப்படித் தேறுகிற கடைசி இடத்தின் எண்தான் எச்-இன்டெக்ஸ். ஆறு கட்டுரைகள், சைட்டேஷன் 40, 22, 9, 5, 4, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, தேறிவிட்டது. ஐந்தாவதற்கு 4தான், தேறவில்லை. ஆக எச்-இன்டெக்ஸ் 4. இப்போது அந்த 40-ஐ 4,000 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் 4தான். அதோடு, இந்த எண் வருடம் போகப்போக ஏறும், இறங்காது. ஓய்வுபெறப் போகிறவரையும் நாற்பது வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

இந்த நம்பரில் தெரியாமல் போகிற வேலைக்கு உங்கள் வார்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பிரஷர் ஏறி வலிப்பு வந்த தாய்க்கு மேக்சல்ஃப், அதாவது மெக்னீசியம் சல்பேட் ஊசி, போடுகிறீர்கள். அடுத்த டோஸுக்கு முன் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறீர்கள், மூச்சை எண்ணுகிறீர்கள், யூரின் மணிக்கு 30 மில்லியாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். இன்று கை தானாகச் செய்கிற இந்த வேலை, 1990-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயமாக இருக்கவில்லை. வலிப்புக்கு சில இடங்களில் டயஸிபாம் என்ற மருந்தைப் போட்டார்கள், சில இடங்களில் ஃபெனிடாயின் என்ற மருந்தை. 1995-இல் வந்த பன்னாட்டு ஆய்வு, இந்த இரண்டையும்விட மெக்னீசியம் சல்பேட்தான் மேல் என்று காட்டியது. இந்தியத் தாய்மாரும் அதில் சேர்ந்திருந்தார்கள். அப்புறம் 2002-இல் மேக்பை ஆய்வு: 33 நாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பிரஷர் ஏறிய நிலையிலேயே மருந்தைக் கொடுத்தால் வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே குறைகிறது என்று தெரிந்தது. இரண்டு ஆய்வுகளையும் முன்னின்று நடத்தியவர் லெலியா டூலி என்ற மகப்பேறு ஆய்வாளர். ஆனால் அவை வெளியான லான்செட் மருத்துவ இதழில் ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் ஆய்வுக் குழுவின் பெயர்தான் இருக்கிறது. ஊர் ஊராக நோயாளிகளைச் சேர்த்து, இரவு பகலாகக் குறிப்பெழுதிய மருத்துவர்களும் நர்சுகளும் செய்த வேலை எந்த எச்-இன்டெக்ஸிலும் சரியாகத் தெரியாது. இதற்கு நேர்மாறாக, நூற்றுக்கணக்கானோர் கூட்டாக எழுதும் கட்டுரைகளில் பெயர் சேர்ந்தாலே சிலருக்கு நம்பர் மளமளவென்று ஏறிவிடும்.

வேலூரிலேயே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1969 முதல் 1973 வரை நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடை, உயரத்தையெல்லாம் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) சேர்ந்தவர்கள் அளந்து பதிந்து வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகு, அவர்களுடைய சர்க்கரையையும் இன்சுலினையும் பிறப்பு எடையோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய பதிவேடுகள்தான் கைகொடுத்தன. தராசைப் பிடித்து எழுதிய அன்றைக்கு யாருக்கும் சைட்டேஷன் வந்திருக்காது. அந்த வேலையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் என்ற இணையதளம் இலவசம்தான், இரண்டு பேர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். எத்தனை கட்டுரைகளில் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ வருகிறார்கள் என்று எண்ணுங்கள். நம் துறையில் ஆய்வை முன்னின்று நடத்தியவர் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருப்பார். அடுத்து, அவர்கள் ஆய்வு செய்த விஷயத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நெறிமுறையையும் காக்ரேன் தொகுப்பாய்வையும் (ஒரே கேள்விக்கான பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அறிக்கை) இறக்கி, அதில் அவர்கள் பெயரைத் தேடுங்கள். எச்-இன்டெக்ஸ் 12 உள்ளவரின் ஒரே ஒரு ஆய்வு அங்கே இடம்பெற்றிருந்தால், நான் அவர் பக்கம்தான் சாய்வேன். அந்த ஆய்வு நோயாளியின் கட்டில்வரை போய்ச் சேர வழி பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டையும் பாருங்கள். 2007-இலிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு செய்த ஆய்வுக்கும் வெளியான கட்டுரைக்கும் முக்கிய அளவீடு (எதை வைத்துப் பலனைக் கணக்கிட்டார்கள் என்பது) ஒன்றுதானா, நோயாளிகள் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். மகப்பேறு ஆய்வுகளில் நம்பமுடியாத தரவுகள் பிடிபட்டுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. தாயும் சேயும் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் இதில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

கடைசியாக, அவர்களிடம் இப்போது பிஎச்.டி. செய்கிற மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசுங்கள். கைடு மாதத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து பேசுகிறார், மாணவர் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறதா, எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். வார்டு வேலையோடு படிக்கப்போகிற உங்களுக்கு, 31-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்தப் பதில்கள் அதிகம் உதவும்.