மெயினை அணைத்தும் ஷாக் அடிக்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்ட் சமாச்சாரம். குமரி மாவட்டத்தில் மழை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஃபேன் ரெகுலேட்டரை மாற்றினேன். அப்படியும் ஷாக் அடித்தது. மட்டமான சரக்கு என்று கடையில் சண்டை போட்டேன்; திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். வழக்குப் போடலாமா? (வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு.)
— கருங்கல் வாசகர்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் விஷயம். முதலில் அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

நீங்கள் மெயினை அணைத்தால் இன்வெர்ட்டருக்கு அது பவர்கட். உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே ஃபேன் லைனுக்கு அனுப்பிவிடும். அதன் வேலையே அதுதான். சரி, இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் அந்தச் சுவிட்ச் பேட்டரி சப்ளையை மட்டும்தான் நிறுத்தும். இபி கரண்ட் அதன் வழியாக நேரே போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். இதை விற்கும்போது சொல்லிக்கொடுக்கும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள், ஆளைக் கொல்லக்கூடிய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பில் பின்னால் நாலு வரி அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அணைத்த பிறகும் நம்பக்கூடாது. எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். ஒற்றை எம்சிபி ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். வயரிங் செய்தவர் ஃபேஸையும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலையும் (திரும்பிப் போகும் வயர்) மாற்றிக் கொடுத்திருந்தால் எம்சிபி கீழே கிடக்கும், ஃபேஸ் உள்ளேயே நிற்கும். சிவப்பு, கறுப்பு நிறத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். அணைப்பதற்கு முன் டெஸ்டர் அந்த இடத்தில் எரிகிறதா என்று பாருங்கள். அணைத்தபின் எல்லா வயரிலும் வையுங்கள். அப்புறம் கரண்ட் உள்ள வேறு பாயிண்டில் வைத்து டெஸ்டர் உயிரோடுதான் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். வீடே இருட்டு என்றால் பக்கத்து வீடு இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்று பார்த்தால் நியான் டெஸ்டர் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. பழைய வீடு என்றால் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "யாரு மெயின ஆஃப் பண்ணிப் போட்டது?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் ஆன் செய்துவிடுவார்.

கேள்வி: 16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது. 32 ஆம்பியர் வாங்கி மாட்டலாமா?
— திங்கள்சந்தை

பதில்: மாட்டலாம். ட்ரிப் ஆவது நின்றுவிடும், சுவருக்குள் வயர் எரியும்.

கேள்வி: மழை பெய்தால் ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது. "அது சும்மா தொல்லை, கழற்றி நேரா கொடுத்துடலாம்" என்கிறார் வயர்மேன்.
— குலசேகரம்

பதில்: வயர்மேனை மாற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து கரண்டைத் துண்டிக்க வேண்டிய கருவி அது. உங்கள் வீட்டில் மழைநீர் எங்கோ கரண்டைத் தொடுகிறது என்று சொல்கிறது, அதன் வாயை அடைக்கப் பார்க்கிறார்.

எல்லா எம்சிபியையும் அணையுங்கள். ப்ளக்குகளைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, உருவி எடுங்கள். சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. இப்போது ஆர்சிசிபியைத் தூக்கி, எம்சிபியை ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. மழையில் மட்டும் என்பதால் என் சந்தேகம் காம்பவுண்ட் சுவர் விளக்கு, கிணற்று மோட்டார் மேல்தான். எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஆர்சிசிபியே பழுது. அதைப் பிரித்துப் பார்ப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை. மீட்டர் பக்கம் எதுவும் கருகியிருந்தால் கை வைக்காமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987-க்குப் பேசுங்கள்.

கேள்வி: அதே ஆர்சிசிபி ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?
— தக்கலை

பதில்: பாதி விலைக்கு நான் வாங்கிய பேனா டெஸ்டர் ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சட்டைப்பையில் இருக்கும்போது கத்தும், கரண்ட் உள்ள பாயிண்டைக் காட்டினால் மௌனம். ஐஎஸ்ஐ முத்திரையும் பில்லும் இல்லாமல் உயிர் காக்கும் பொருளை வாங்காதீர்கள்.

கேள்வி: கணவர் வளைகுடாவில். வீட்டு வயரிங்குக்கு கான்ட்ராக்டர் சொன்ன கடையில் வயர் வாங்கினேன். மேலுறை இப்போதே வெடிக்கிறது. 90 மீட்டர் காயில் என்றார்கள், அளந்தால் குறைவு. பில்லில் "எலக்ட்ரிகல் பொருட்கள்" என்று மட்டும் இருக்கிறது. பணம் ஜிபேயில் போட்டேன்.
— மார்த்தாண்டம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. சுவருக்குள் போகிற சரக்கு என்பதால்தான் இந்தத் துணிச்சல் அவர்களுக்கு.

மிச்ச வயர், காயில் அட்டை, ஜிபே பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டு வயருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம். முத்திரைப் பக்கத்தில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது, செல்லுபடியாகிறதா என்று காட்டும். போலி என்றால் அதே செயலியில் புகார் கொடுக்கலாம். கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பானாலும் சரி. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கிடையில் வெடித்த வயர் போகும் லைன்களை எம்சிபியில் அணைத்தே வையுங்கள். கான்ட்ராக்டரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்; அந்தக் கடையைக் காட்டியவர் அவர்தானே.

கேள்வி: கீசரை 6 ஆம்பியர் ப்ளக்கில் மாட்ட ஒரு அடாப்டர் சொல்லுங்களேன்.
— முட்டம்

பதில்: மாட்டேன்.