தொண்ணூறை 900 என்று எழுதிய பையனும் உங்கள் மகளும்

அம்மா, கல்லூரியில் என்ன படிக்க வைப்பது என்று கேட்க நேற்று நீங்கள் மகளை அழைத்து வந்தபோது பாதி நேரம் உறவினர்கள் சொன்னதைத்தான் பேசினோம். பெரியப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார். மாமா, "கணக்கு படிச்சு என்ன செய்யப் போறா?" என்கிறார். நானும் உங்களைக் கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது தவறு. அவளுக்கு ஒட்டாத படிப்புக்காகக் கடன் வாங்கப் போகிறீர்கள், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். அந்தக் கடன் வேண்டவே வேண்டாம். தவணை கட்டப் போவது பெரியப்பா இல்லை, நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போவது மாமாவும் இல்லை.

அவள் காட்டிய நோட்டை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. சித்தி பையன் தொண்ணூறு என்றால் 900 என்று எழுதுகிறான். மற்றவர்கள் திட்டினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டிருக்கிறாள். "நூறுன்னு கேக்குதே, அதான் ரெண்டு சுழி போட்டேன்" என்றிருக்கிறான். அதற்குக் கீழே, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒளிந்திருப்பதையும் அவளே குறித்து வைத்திருக்கிறாள். இந்த வயதில் இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் அபூர்வம்.

இதையே வேலையாகச் செய்யும் துறை ஒன்று இருக்கிறது: கணிதக் கல்வி ஆய்வு. எந்த மொழி பேசும், எந்தச் சூழலில் வளரும் குழந்தைக்கும் கணக்கு எட்ட வேண்டும் என்பதுதான் அதன் அக்கறை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாங்க வந்தவர்களைப் போலக் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீத விடைகள் சரி. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 1985இல் வெளியான சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று இனி யார் சொல்ல முடியும்?

அலாஸ்காவின் காக்டோவிக் கிராமத்தில் பேசும் இனுபியாக் மொழி இருபது இருபதாக எண்ணும். பத்தை அடிப்படையாகக் கொண்ட எண் குறிகள் அதற்குப் பொருந்தவில்லை. 1990களில் அந்தப் பள்ளி மாணவர்களே ஆசிரியரோடு உட்கார்ந்து 20 புதிய குறிகளை உருவாக்கினார்கள். எண்ணின் அளவு கோடுகளிலேயே தெரிவதால், கூட்டல் பல சமயம் பார்த்தாலே புரிந்துவிடும். 2022இல் அவை கணினிகளில் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் இடம்பெற்றன.

இந்தத் துறையில் படித்தவர்கள் பாடநூல் எழுதுகிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், வினாத்தாள்களைச் சோதிக்கிறார்கள். ஒரு கேள்வியில் குழந்தை பார்த்தேயிராத விளையாட்டு வந்தால், அது கணக்கில் தடுக்கி விழுகிறதா, அந்தச் சொல்லிலா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் போதாது.

வழி சுலபம் இல்லை. முதலில் கணிதத்தில் இளங்கலை, அதில் சமரசம் கூடாது. அப்புறம் கல்வியியல், கொஞ்ச காலம் வகுப்பறை, பிறகு முதுகலையும் ஆய்வும். ஆரம்பச் சம்பளம் மென்பொருள் வேலை அளவுக்கு வராது, அதை மறைக்க மாட்டேன். தலையில் கடன் இல்லையென்றால் அதில் சமாளிக்கலாம்.

அடுத்த வாரம் வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பையன் தொண்ணூற்றொன்பதை எப்படி எழுதினான் என்று நேற்று கேட்க விட்டுப்போயிற்று.